நாலு வரிப் புகார்

தொழில்முறை எழுத்து என்ற தாளுக்குப் பேராசிரியர் நேசையன் கொடுத்த வேலை, ஒரு புகார்க் கடிதம். வகுப்பு மொத்தமும் அவருடைய பழைய நோட்ஸைப் பார்த்து, எக்ஸ் ஒய் இசட் என்ற ஊரில் நாய்த்தொல்லை என்று ஒன்றரைப் பக்கம் கும்பிட்டு எழுதிக் கொடுத்தது. ஏட்டுச் சுரைக்காயில் கறி வைக்கப் புறப்பட்டவள் பெமிலா ஒருத்திதான். கருங்கல் ஊருக்குப் போகும் பஸ் கல்லூரி வாசலில் நிற்காமல் பறப்பதை நாலு வரியில் எழுதி, நிஜமாகவே டிப்போவுக்குத் தபாலில் போட்டுவிட்டு, நகலை அவரிடம் கொடுத்தாள்.

அடுத்த வாரம் பஸ் நின்றது. முதல் ஆளாக இறங்கியவர் நேசையன். அதுவரை அடுத்த நிறுத்தத்திலிருந்து குடைபிடித்துத் திரும்பி நடந்துகொண்டிருந்த மனிதர். இறங்கிய காலோடு பெமிலாவை அறைக்கு வரச் சொன்னார்.

“ஏட்டி, அசைன்மென்டைத் தபால்ல போடச் சொல்லி ஆரு சொன்னது? ‘தாழ்மையுடன் வேண்டுகிறேன்’ எங்க? ‘தங்கள் கீழ்ப்படிதலுள்ள’ எங்க?”

“பஸ்ஸு நிக்குதே, சார்.”

“பஸ்ஸுக்கு மார்க் இல்ல. ஃபார்மேட்டுக்குத்தான் மார்க்.”

இருபத்தைந்துக்கு நாலு போட்டார். பத்துக்குக் குறைந்தால் அரியர். அரியர் விழுந்தால் கேம்பஸ் இன்டர்வியூவில் பெமிலாவுக்குக் கிடைத்த சென்னை வேலை கைவிட்டுப் போகும். பஸ்ஸை நிறுத்தத் தெரிந்தவளுக்கு எழுதத் தெரியாதாம்!

மாதக் கடைசியில் அவரே அவளைத் தேடி வந்தார். குரலில் தேன் வழிந்தது.

“மக்கா, எனக்க வீட்டு முன்னால ஓடை அடைச்சுக் கெடக்கு. நாத்தம் தாங்க முடியல்ல. நானும் பஞ்சாயத்துக்கு மூணு கடிதம் குடுத்தாச்சு, ஒருத்தனும் எட்டிப் பாக்கல்ல. நீ ஒண்ணு எழுதித் தா, கேட்டியா?”

“எனக்கு எழுதத் தெரியாதுண்ணு நீங்கதானே சார் மார்க் போட்டிய?”

முப்பது வருட வேலையில் ஒருநாளும் காட்டாத சுறுசுறுப்போடு பேனாவை எடுத்து, நாலுக்கு முன்னால் ஓர் இரண்டைப் போட்டார்.

“செரி, எழுதுகேன் சார்.”

“அனுப்புநர்ல எனக்க பேரு வேண்டாம். உனக்க பேரைப் போடு. நீ கும்பிடாம எழுதுவ, நமக்கு எதுக்கு ஆபீஸர்மாரோட பொல்லாப்பு?”

பெமிலா தலையை ஆட்டிவிட்டு வந்தாள். மதிப்பெண் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரும்வரை பேனாவைத் தொடவில்லை. சேர்ந்த மறுநாள் உட்கார்ந்து நாலே வரி எழுதினாள். அனுப்புநர் என்ற இடத்தில் முனைவர் நேசையன், பேராசிரியர் என்று போட்டு, வீட்டு விலாசத்தையும் கைபேசி எண்ணையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். கலெக்டருக்கும் ஒரு நகல் போயிற்று.