வீட்டில் துப்பாக்கி இல்லை

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் எங்கள் வீட்டு மணியை அடித்த இரண்டு பொலிஸாரும் புன்னகையோடுதான் நின்றார்கள். துப்பாக்கியைப் பார்க்க வேண்டும் என்றார்கள். "இந்த வீட்டில் துப்பாக்கி இல்லை" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அது பொய். மகள் யூலியானா பிரஜாவுரிமை கிடைத்த வருடமே வேட்டைப் பரீட்சை எழுதி, அனுமதியோடு வாங்கிய துப்பாக்கி மாடியில் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. ஒழுங்காகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். ஆனால் யுத்த காலத்தில் மன்னாரில், சோதனைக்கு வந்த இராணுவத்தினர் எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கியைக் கண்டெடுத்த அன்று, என் தம்பி பெனடிக்ற்றை வாசலிலேயே சுட்டார்கள்.

மகள் இறங்கி வந்தாள்.

"ஏனம்மா இல்லையெண்டு சொல்லுறியள்? நான் டேனிஷ்காரி. இது என்ர உரிமை. ஒளிக்க என்ன கிடக்கு?"

"மெல்லக் கதை பிள்ளை. உன்னைக் கொண்டு போயிடுவாங்கள்."

"ஆர், இவையோ? கேட்டால் கோப்பி குடிச்சிட்டுப் போவினம்."

தலைநிமிர்ந்து அவர்களை மாடிக்குக் கூட்டிப்போனாள். நான் படியடியில் வெடிச்சத்தத்துக்காகக் காத்து நின்றேன். பெட்டி திறந்தது, மூடியது. எல்லாம் சரி என்று அவளுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள்.

"பாத்தியளே?" என்று சிரித்தாள். நான் அவளுடைய சட்டையைப் பிடித்திருந்தேன். அவர்களுடைய கார் தெருமுனையில் திரும்பிய பிறகும் என் விரல்கள் விடவில்லை.