முதல் படி, இருபத்து மூன்று

சொர்ணவல்லி கதவோரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வலது காலை வேனின் முதல் படியில் வைக்கப் போனாள். பாதம் படியின் விளிம்பில் இடித்தது. காலைக் கீழே வைத்தாள். கைப்பிடியை விடவில்லை.

"இது இருபது இல்ல" என்றாள்.

"இருபதுதான்" என்றார் அவள் கணவர் ஆண்டியப்பன்.

அவள் வீட்டுக்குள் போனாள். ஊன்றுகோலை விட்டு இரண்டு மாதம் ஆகிறது. திரும்பும்போது மட்டும் சுவரைத் தொட்டுக்கொள்வாள். வெளியே வந்தபோது கையில் மரப்பெட்டி இருந்தது. இடது இடுப்பு மூட்டை மாற்றிய திருச்சி டாக்டர், இருபது சென்டிமீட்டருக்கு மேல் உயரமான படியில் இனி ஏறக் கூடாது என்று சொல்லியிருந்தார். தெருமுனைத் தச்சரிடம் இருபதுக்குச் சரியாக ஒரு பெட்டி செய்து வாங்கினாள். காலையில் முப்பது தடவை, சாயங்காலம் முப்பது தடவை அதன்மேல் ஏறி இறங்கினாள். ஏழு மாதம். இப்போது கீழே பார்க்காமலே ஏறுவாள்.

பெட்டியை முதல் படிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். படி பெட்டியைவிட உயரத்தில் நின்றது. பெட்டியின்மேல் இரண்டு விரலைக் கிடத்திப் பார்த்தாள். விரலும் படியும் ஒரே மட்டத்துக்கு வந்தன.

"இருபத்து மூணு."

"டயரு புதுசு. ஓட ஓடத் தேயும்."

"மூணு சென்டி தேஞ்சா அது டயரா? செருப்பா?"

ஆண்டியப்பன் கையிலிருந்த அளவு டேப்பைச் சட்டைப் பையில் போட்டார். அளக்கத் தேவை இருக்கவில்லை. இருபத்து மூன்று என்பது டயரை மாட்டுவதற்கு முன்பே அவருக்குத் தெரியும்.

வேன் ஏலத்தில் எடுத்தது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. சுரங்கக் கம்பெனி ஒன்றில் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடியது. ஓமனில் இருபத்தாறு வருஷம் சிக்கிய வண்டிகளை இழுக்கும் ரெக்கவரி வண்டி ஓட்டிவிட்டு இலுப்பூருக்குத் திரும்பியவர், ஒன்பது மாதமாக இந்த வேனோடுதான் இருந்தார். சீட்டுகளைக் கழற்றினார். இரண்டு பேர் படுக்கக் கட்டில் அடித்தார். அடுப்பு, எழுபது லிட்டர் தண்ணீர்த் தொட்டி, பின்மூலையில் கதவு வைத்த சிறிய கழிப்பறை. பக்கவாட்டுக் கதவுக்கு இரும்புப் படி வெல்டிங் செய்தபோது சொர்ணவல்லி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியாக அளவைக் கேட்டாள். தரையிலிருந்து உள்தளம் அறுபது. கீழே ஒரு படி, மேலே ஒரு படி, மூன்றாவது எட்டு வண்டிக்குள். இருபது, இருபது, இருபது என்று அவர் சொன்னார்.

"லாபம், நஷ்டம், லாபம்" என்று அவள் விரல் விட்டாள். "சரி."

படி எண்ணும் விஷயத்தில் அவள் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. வீடு கட்டும்போது கொத்தனார் வாசலுக்கு நான்கு படி போட்டுவிட்டார். கடைசிக் கால் நஷ்டத்தில் விழுகிறது என்று அன்றைக்கே ஒன்றை இடிக்க வைத்தாள். ஆண்டியப்பன் அப்போது ஓமனில் நிஸ்வாவில் இருந்தார். இடித்த செய்தி மறுநாள் போனில் வந்தது.

வேனுக்கு இரும்புப் படிகளைப் போட்டபோது அதில் பழைய டயர்கள் இருந்தன. போன மாதம் அவற்றின் பக்கச் சுவரில் வெடிப்பு தெரிந்தது. ஸ்டெப்னி சேர்த்து ஐந்தையும் மாற்ற வேண்டும். புதுக்கோட்டையில் திருச்சி ரோட்டில் மரியசெல்வத்தின் கடைக்குப் போனார்.

மரியசெல்வம் குனிந்து டயரில் இருந்த எண்ணைப் படித்தார். 225/75 R16. அகலம் இருநூற்று இருபத்தைந்து மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு எழுபத்தைந்து. ரிம் பதினாறு அங்குலம்.

"எங்கண்ணே போகப் போறீங்க? அதச் சொல்லுங்க, டயர நான் சொல்றேன்."

"ராஜஸ்தான் மணலு. அங்கிட்டிருந்து மேல இமயமலையில ஸ்பிட்டி. ஆத்துல எறங்கி ஏறணும்."

"எத்தன பேரு?"

"ரெண்டு பேரு" என்றார். எடைக்காகத்தான் மரியசெல்வம் கேட்டார். ஆனால் பதில் சொல்லக் கொஞ்சம் நேரமானது.

மரியசெல்வம் மூன்று வழி சொன்னார். பழைய அளவையே போடலாம், எதுவும் மாறாது. 245 போட்டால் வண்டி ஒன்றரை சென்டிமீட்டர் உயரும். 265 போட்டால் மூன்று. "கெத்தா இருக்கும். ஆனா அப்புறம் மைலேஜப் பத்தி எங்கிட்டப் பேசக் கூடாது. மீட்டர் எண்பது காட்டுனா நீங்க எண்பத்தாறுல போவீங்க. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா மட்காட்ல உரசும், அத நான் தட்டிக் குடுத்துருவேன்." ரிம்மைப் பதினெட்டு அங்குல அலாயாக மாற்றிக்கொள்ளச் சொன்னார். இப்போது எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்களாம். ஆண்டியப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. பதினாறு இரும்பு ரிம்மே இருக்கட்டும், நெளிந்தால் சுத்தியலால் அடித்து நிமிர்த்தலாம் என்றார். அலாய் உடையும்.

டயர் அளவை முடிவு செய்ய மட்டும் தயங்கினார். கடை வாசலில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தார். ஓமனிலிருந்து மனைவிக்கு இரண்டு தடவை விசா எடுத்து அனுப்பியிருக்கிறார். முதல் தடவை அவருடைய அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று சொர்ணவல்லி வரவில்லை. இரண்டாவது தடவை காரணம் எதுவும் சொல்லவில்லை. பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது என்று மகள் புவனேஸ்வரி போனில் சொன்னாள். வேன் வந்த நாளிலிருந்து சொர்ணவல்லி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆற்றில் அச்சு இடிக்காமல் ஏற மூன்று சென்டிமீட்டர் உதவும். பாறையில் உதவும். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு 265 என்று சொன்னார்.

இப்போது அந்த வண்டிக்கு முன்னால் அவள் நின்றாள்.

"படிய அறுத்துட்டு வேற போடுறேன்" என்றார். "அறுபத்து மூணு. மூணாப் பிரிச்சா இருபத்தொண்ணு. ஒரு சென்டிதான் கூட."

"இருபத்தொண்ணு இருபதா?"

"கீழ இன்னொரு படி வச்சா?"

"லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம். நஷ்டத்துல காலை வச்சுக்கிட்டு நான் இமயமலைக்கு வரணுமாக்கும்."

"அஞ்சு வைக்க எடமில்ல சொர்ணம். கீழ தொங்குனா பாறையில அடிக்கும். ஒரு பலகையச் சாச்சு வச்சா..."

"ஆடு ஏத்தப் போறீங்களா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. பெட்டியை எடுத்து இடுப்போடு வைத்துக்கொண்டாள். எதிர் வீட்டு மீனம்மாள் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சொர்ணவல்லி குரலைத் தாழ்த்தினாள்.

"டயரு மாத்துனா ஒசரும்னு ஒங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"எம்புட்டு ஒசரும்னு?"

"தெரியும்."

"நான் எதுக்கு ஏழு மாசமா இந்தப் பொட்டியில ஏறி எறங்குறேன்னு நெனச்சீங்க?"

"டாக்டர் சொன்னாருன்னு."

"டாக்டர் நடக்கச் சொன்னாரு. பொட்டி செய்யச் சொல்லல."

ஆண்டியப்பன் படியைப் பார்த்தார். வெல்டிங் செய்த இடத்தில் பெயின்ட் சரியாக ஏறவில்லை.

"நான் வர மாட்டேன்னு முடிவு பண்ணித்தான மாட்டுனீங்க?"

அவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தார். கடை வாசலில் உட்கார்ந்திருந்த அந்தப் பத்து நிமிஷம் ஞாபகத்தில் இருந்தது. அப்போது அவர் மனதில் ஓடிய ஆற்றில் வண்டியின் இடது சீட்டு காலியாக இருந்தது. அதில் அவருக்கு வருத்தமும் இருக்கவில்லை.

"ஆமா" என்றார்.

அவள் உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் பெட்டியின் சத்தம் கேட்கவில்லை. வழக்கமாக ஏறும்போது மரம் ஒரு முறை கிறீச்சிடும், இறங்கும்போது ஒரு முறை. அவர் கூடத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். சாப்பாடு வந்தது. புவனேஸ்வரி போன் செய்தபோது இரண்டு பேரும் நன்றாக இருக்கிறோம் என்று சொர்ணவல்லி சொன்னாள்.

மறுநாள் காலையில் மரியசெல்வத்துக்குப் போன் செய்தார்.

"செல்வம், பழைய சைஸுக்கே மாத்திரலாமா?"

"ஏண்ணே, நாலு நாள்ல என்னாச்சு? ஒங்க பழைய டயர நார்த்தாமலைக்காரரு ட்ரெய்லருக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. புதுசு வேணும்னா ஆர்டர் போட்டுத்தான் வரணும். பத்து நாளாகும்."

"பத்து நாளா?"

"என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க. உரசுதா?"

"வீட்டுல ஏற முடியல."

மறுமுனையில் காற்றடிக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மரியசெல்வம் நகர்ந்து வந்து பேசினார்.

"அன்னைக்கே அக்காவையும் கூட்டிட்டு வந்துருக்கலாம்லண்ணே."

"கூட்டிட்டு வந்துருக்கலாம்" என்றார் ஆண்டியப்பன். ஆர்டர் போடச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

வண்டியைச் சுற்றி வந்தார். டயர்கள் கறுப்பாக, மேலே ரப்பர் மயிர்கள் உதிராமல் இருந்தன. நின்று பார்க்க நன்றாகவே இருந்தது. இடது பின்சக்கரத்தின் பக்கச் சுவரைக் கட்டை விரலால் அழுத்தினார். அமுங்கவில்லை. நாற்பத்தைந்து பவுண்டு காற்று. ஓமனில் மணலில் புதைந்த வண்டிகளை இழுக்கப் போகும்போது அவர் முதலில் செய்கிற வேலை தன் வண்டியின் சக்கரங்களில் காற்றை இறக்குவதுதான். டயர் அகன்று படுக்கும். மணலில் புதையாது. வேலை முடிந்து தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி காற்றடித்துக்கொள்வார். வண்டி எவ்வளவு தாழ்ந்தது என்று அங்கே யாரும் அளந்ததில்லை.

மண்டியிட்டு வால்வு மூடியைத் திருகி எடுத்தார். முனையை அழுத்தியதும் காற்று சீறியது. முகத்தில் ரப்பர் வாசனை அடித்தது. முப்பது. இருபத்தைந்து. இருபது. டயரின் அடிப்பகுதி பிதுங்கியது. முன் சக்கரத்திலும் அதே அளவுக்கு இறக்கினார். வண்டி கதவுப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தது. எடை கூடட்டும் என்று தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார். டேப்பை எடுத்து அளந்தார். இருபதரை. பின்சக்கரத்தில் இன்னும் கொஞ்சம் இறக்கினார். இருபது.

சொர்ணவல்லி வாசலில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

"பஞ்சரா?"

"இல்ல. எறக்குனேன்."

அவள் வாசல் படி இறங்கி வந்து சக்கரத்தைப் பார்த்தாள். சாய்ந்திருந்த வண்டியைப் பார்த்தாள். அவர் உள்ளே போய் மரப்பெட்டியை எடுத்து வந்து முதல் படிக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தன. அவள் படியிலிருந்து பெட்டிக்கும் பெட்டியிலிருந்து படிக்கும் உள்ளங்கையால் தடவினாள்.

"இந்தச் சக்கரத்தோட ஓடுமா?"

"ஓடாது. நீ ஏறுனதும் காத்தடிச்சிருவேன். பம்பு வண்டியிலயே இருக்கு. ஒரு சக்கரத்துக்கு நாலு நிமிஷம்."

"எறங்குறப்ப?"

"மறுபடி எறக்குவேன்."

"டீ குடிக்க எறங்குனாலுமா?"

"டீ குடிக்க எறங்குனாலும்."

"வழியில நாலு பேரு பாப்பான். பொண்டாட்டிய ஏத்துறதுக்கு வண்டியப் பஞ்சர் பண்றான் பாருன்னு சொல்லுவான்."

"சொல்லட்டும்."

"நடு ராத்திரி ஒண்ணுக்கு வந்தா?"

"அதுக்குத்தான் உள்ளயே கட்டியிருக்கேன்."

"அது ஒங்களுக்குக் கட்டுனது" என்றாள். கைப்பிடியைப் பிடித்தாள். குனிந்து பார்க்கவில்லை. வலது காலை வைத்தாள். இடது காலை இழுத்துச் சேர்த்தாள். உதடு அசைந்தது. இரண்டாவது படி. மூன்றாவது எட்டில் வண்டிக்குள் நின்றாள். வண்டி அவள் எடைக்கு லேசாக ஆடி நின்றது. இத்தனை மாதத்தில் உள்ளே அவள் வந்தது இதுதான் முதல் தடவை. அடுப்பின் குமிழைத் திருகிப் பார்த்தாள். அலமாரியைத் திறந்து மூடினாள். இரண்டு பேர் படுக்கும் கட்டிலில் ஒரு தலையணை மட்டும் இருந்தது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஆண்டியப்பன் கீழே நின்றார். போகலாமா என்று கேட்க நினைத்தார். எங்கே போக வேண்டும் என்று அவளிடம் இதுவரை கேட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது. பம்பின் குழாயைப் பின்சக்கரத்தில் மாட்டிச் சுவிட்சைப் போட்டார். அதற்கு மேல் எது பேசினாலும் கேட்காது.

உள்ளே தரை அதிர்ந்தது. சொர்ணவல்லி ஜன்னல் பக்கம் திரும்பினாள். சுற்றுச்சுவரின் மேல் பதித்த கண்ணாடிச் சில்லுகள் கண்ணுக்கு நேராக இருந்தன. அவை மிக மெதுவாகக் கீழே போயின. சில்லுகளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு ஓட்டுக் கூரையின் விளிம்பு, அதில் என்றோ விழுந்து வெளுத்துப் போன நீல ரப்பர் பந்து ஒன்று, முதலில் அதன் உச்சி, பிறகு பாதி.