அசையாத குரல்நாண்

காய்கறி மண்டியில் அவளை எல்லாரும் ஏலக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். விலை கூவ அவள் வாயைத் திறந்தால் கடைசி லாரியில் மூட்டை இறக்குபவனும் திரும்பிப் பார்ப்பான். கழுத்தில் தைராய்டு கட்டியை எடுத்துவிட்டு வந்த பிறகு அந்தக் குரல் இல்லை. வெறும் காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்தால் புரையேறியது.

கட்டியை எடுத்த சர்ஜன் தழும்பை மட்டும் பார்த்தார். "தையல் அழகா ஆறியிருக்கு. பயத்துல நீங்களே குரலை அடக்கிக்கிறீங்க. தானா வந்துரும்." அடுத்தடுத்துப் போனபோதும் அதே பல்லவிதான்.

மண்டி முதலாளி அவளை எடை போட உட்காரவைத்தார். வீட்டில் கணவன் சிரித்தான். "இத்தனை வருசத்துல இப்பதான் என் காதுக்கு லீவு கிடைச்சிருக்கு."

அவள் டம்ளரைச் சுவரில் விட்டெறிந்தாள். கத்த முடியாதவள் வேறென்ன செய்வாள்? அவன் சிரிப்பு அடங்கியது. மறுநாள் அவனே அவளைத் தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போனான்.

அந்த டாக்டரம்மா மூக்கு வழியே மெல்லிய கேமராவை இறக்கி, "ஈ-ன்னு சொல்லுங்க" என்றார். திரையில் குரல்நாண்கள் இரண்டு வெள்ளைப் பட்டைகளாகத் தெரிந்தன. வலதுபக்கம் நடுவுக்கு ஓடி வந்தது. இடதுபக்கம் செத்தாற்போல் கிடந்தது.

"இதை அசைக்கிற நரம்பு மூளையிலேருந்து வர்ற பத்தாவது நரம்போட கிளை. நெஞ்சுக்குள்ள இறங்கி, பெரிய ரத்தக்குழாயைச் சுத்திட்டு, மறுபடி கழுத்துக்கு ஏறுது. தைராய்டுக்குப் பின்னாடியே போறதால ஆபரேஷன்ல அடிபடலாம்."

"அப்ப... பயம் இல்லையா?"

"இல்லம்மா. யாராவது முன்னாடியே உள்ள பாத்திருக்கணும்."

அங்கிருந்து கணவனோடு நேரே சர்ஜன் அறைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை. போனில் பதிந்து வந்திருந்த அந்தக் கேமரா படத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"சிலருக்கு இப்படி ஆகுறதுதான்மா. கையெழுத்துப் போட்டுத்தானே..."

அவள் மேசையை ஓங்கித் தட்டினாள். ஏதோ சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. கணவனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவள் காற்றாய்ச் சொன்னதை அவன் உரக்கச் சொன்னான். வெளியே காத்திருந்தவர்கள் வாசலில் கூடினார்கள்.

"நரம்பு அடிபட்டதுக்குக் கோபமில்லையாம்! மூணு தடவை வந்தாளாம், ஒரு தடவை உள்ள பாத்தீங்களா? பழியத் தூக்கி இவ தலையிலயே போட்டீங்களேன்னு கேக்குறா!"

சர்ஜன் வாசலில் கூடியவர்களைப் பார்த்தார். "மன்னிச்சிருங்க" என்று முனகினார்.

அவள் மறுபடியும் மேசையைத் தட்டினாள்.

"சத்தமாச் சொல்லணுமாம்" என்றான் கணவன்.

சொன்னார். அவள் அதோடு விடவில்லை, புகார் கொடுத்தாள். டாக்டரம்மா ஊசி போட்டு அந்த நாணை நடுவுக்குத் தள்ளிவைத்ததில் புரையேறுவது நின்றது. கரகரவென்று பாதிக் குரல் வந்தது. ஏலம் கூவ அது போதவில்லை.

புகாரை வாபஸ் வாங்கச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் பழக்கூடையோடு வந்தார். "பெரிய மனசு பண்ணணும்" என்று குழைந்தார்.

"மனசு பெருசுதான்" என்றாள் அவள் கரகரத்து. "கோபமும் பெருசு. கூடையை எடுத்துட்டுக் கெளம்புங்க."