கயிற்றை விட்டவன்

காலையிலிருந்தே மாப்பிள்ளைக்கு இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருந்தது. எண்ணெய்த் தொட்டிக்குள் குனிந்து அடிக்கசடு சுரண்டுகிறவனுக்கு, இடுப்பு என்று ஒன்று இருப்பதே அது வலிக்கும்போதுதான் தெரியும். தரைக்கடியில் இருக்கிற தொட்டி. மேலே ஆள் நுழையும் அளவுக்கு வட்ட வாய், கீழே இரும்பு ஏணி, அப்புறம் இருட்டு. இறங்குகிறவன் நெஞ்சில் வார்ப்பட்டை கட்டிக் கயிறு மாட்டுவார்கள். கயிற்றின் மறுமுனை மேலே மச்சான் கையில் இருக்கும். இவன் பெண்டாட்டியின் அண்ணன் அவர். அவர் கூப்பிட்டுக் கூப்பிட்டே வேலையிடம் முழுக்க இவனுக்கு மாப்பிள்ளை என்று பேர் நிலைத்துவிட்டது.

மதியம் டிபன் டப்பாவைத் திறந்தால் போனில் பேய்க்கதை ஓட வேண்டும். வாராவாரம் வருகிற தொடர். மச்சான், மாப்பிள்ளை, தொட்டிக்குள் காற்று ஊதும் ஃபேனைப் பார்த்துக்கொள்ளும் பம்புக்காரி, மூவருக்கும் அதில் பைத்தியம். அன்றைய கதையில் ஒருவன் பாழுங்குழிக்குள் இறங்குகிறான். கூட்டாளி மேலே கயிறு பிடிக்கிறான். குழிக்குள்ளிருந்து, "கயிறை விட்டுடு, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று குரல் வருகிறது. கூட்டாளி விட்டுவிடுகிறான். அதோடு தொடரும் போட்டுவிட்டார்கள்.

"பயந்தாங்கொள்ளிப் பய" என்றான் மாப்பிள்ளை. "கை உதறிருக்கு, விட்டுட்டான்."

"அட போய்யா. கூட்டாளி சொன்னதை நம்பினான். ஓடியா போனான்? அந்த இடத்துலயே தனியா உக்காந்திருந்தான்ல? அதுக்கு எவ்வளவு தில்லு வேணும்!" என்றார் மச்சான்.

பம்புக்காரி வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "பயமும் இல்ல, தில்லும் இல்லண்ணே. கை வலிச்சிருக்கும். கதை எழுதுனவன் கயிறு பிடிச்சிருந்தால்ல தெரியும்!"

மச்சான் சிரித்தார். மாப்பிள்ளைக்கு இடுப்பு வலி, கூடவே எரிச்சல். "நீங்க அவனுக்கு வக்காலத்து வாங்காம வேற யார் வாங்குவா மச்சான்? தொட்டிக்குள்ள இறங்கி எத்தனை வருசமாச்சு? பயந்தாங்கொள்ளிக்குப் பயந்தாங்கொள்ளிதான் சாட்சி."

மச்சான் ஒருமுறை தொட்டிக்குள் மயங்கி விழுந்தவர். அதற்கப்புறம் உள்ளே இறங்குவதில்லை. எல்லாருக்கும் தெரியும், யாரும் சொன்னதில்லை. டப்பாவைப் பாதியிலேயே மூடிவிட்டு எழுந்து போய்க் கயிற்றை எடுத்தார்.

வார்ப்பட்டையை இறுக்கும்போதுதான் மாப்பிள்ளைக்குச் சுரீர் என்றது. விடச் சொன்னால் விடுவதுதான் நம்பிக்கை என்று அடித்துப் பேசின மனுசன் கையில்தான் தன் உயிர் தொங்குகிறது. சொன்னது தப்பு மச்சான் என்று சொல்ல நினைத்தான். அதற்குள் கால் ஏணியில் இருந்தது. இறங்கினான்.

உள்ளே போனால் ஒரு வழக்கம் உண்டு. கொஞ்ச நேரத்துக்கொருமுறை மேலேயிருந்து "இருக்கியா?" என்பார் மச்சான். கீழேயிருந்து இவன் "இருக்கேன்" என்பான்.

தொட்டியின் கடைசி மூலையில் சுரண்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. ஃபேன் இரைச்சல் அடங்கியது. ஜெனரேட்டரை நோக்கிப் பம்புக்காரி ஓடும் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. அழுகிய நாற்றம் மேலேறி வந்தது. தலை கனத்தது. சுரண்டியைப் பிடித்திருந்த கை வேறு யாருடையதோ போல் தெரிந்தது.

"இருக்கியா?"

மாப்பிள்ளை வாய் திறப்பதற்குள் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து பதில் போனது.

"இருக்கேன்."

அவன் குரல்தான். அந்தக் கரகரப்புக்கூட அவனுடையதுதான்.

"ஃபேன் நின்னுடுச்சு, மேல வா மாப்ளே!"

"கயிறை விட்டுடுங்க மச்சான். நான் நல்லாத்தான் இருக்கேன்."

விடாதீங்க என்று கத்தப் பார்த்தான். நாக்கு கட்டையாகிவிட்டிருந்தது. நெஞ்சில் கயிறு தளர்ந்தது. தளர்ந்து, கசட்டில் தொய்ந்து கிடந்தது. நம்பிவிட்டார், கதை முடிந்தது என்று நினைத்தபோது விலா நொறுங்குகிற மாதிரி ஓர் இழுப்பு. கசட்டில் தரதரவென்று இழுபட்டு, ஏணியில் முட்டி மோதி, வெளிச்சத்தில் வந்து விழுந்தான்.

கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொள்ளத்தான் மச்சான் அதைத் தளர்த்தியிருக்கிறார். திரும்பி ஓடிவந்த பம்புக்காரியும் கூடப் பிடித்திருக்கிறாள். மச்சானின் இரண்டு உள்ளங்கையும் தோலுரிந்து கிடந்தன.

"விடச் சொன்னியே மாப்ளே" என்றார்.

"நான் வாயே திறக்கலை."

"உன் குரல்யா அது."

"அப்ப ஏன் விடலை?"

"பயம்தான், வேறென்ன? உன் பேச்சை நம்பி விட்டுட்டு என் தங்கச்சி மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

விஷக்காத்து அண்ணே, காதுல என்னென்னவோ கேக்கும் என்றாள் பம்புக்காரி. மூவரும் அதை ஒப்புக்கொண்டார்கள்.

சாயங்காலம் மூடியைப் போட்டார்கள். மாப்பிள்ளை ஸ்பானரோடு பக்கத்தில் நின்றான். மூடி முழுக்க அடைவதற்குள், வாய்ப்பழக்கத்தில், மச்சான் குனிந்து "இருக்கியா?" என்றுவிட்டார்.

"இருக்கேன்" என்றது தொட்டி.

பம்புக்காரி ஓடிப்போனாள். மச்சான் ஓடவில்லை. தோலுரிந்த கையால் ஸ்பானரை வாங்கி, ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தார்கள். தப்பு மச்சான் என்று சொல்ல மாப்பிள்ளை வாயைத் திறந்து திறந்து மூடினான். தான் பேசுவதற்குள் பின் சீட்டிலிருந்து தன் குரலே அதைச் சொல்லிவிட்டால்? வீடு வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வாரத்துக் கதையை மூவரில் யாரும் கேட்கவில்லை. பம்புக்காரி முன்னால் பயந்தாங்கொள்ளி என்று சொன்னதற்கு மச்சானிடம் அவன் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி நிற்கிறது.