மச்சான் ஆளுங்க

ஏழு மணி சார் அன்று காலையிலிருந்தே எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடமாக அரசுத் தொலைக்காட்சியில் மாலை ஏழு மணிச் செய்தி வாசிக்கிற மனுஷர். அதனால்தான் தெருவே அவருக்கு அந்தப் பெயரை வைத்திருந்தது. தேர்தல், வெள்ளம், மந்திரி மரணம் என்று எதை நீட்டினாலும் அலட்டிக்கொள்ளாமல் வாசித்துவிட்டு வருவார். இன்றைக்கு ஒரே ஒரு பெயர். அதற்குத்தான் இந்தப் பாடு.

அந்தப் பெயரும் லேசில் வந்ததில்லை. ஆறு வருடமாக மலைப்பக்கம் சண்டை. அங்கே துப்பாக்கி தூக்கியவர்களைச் செய்திப் பிரிவு 'பயங்கரவாதிகள்' என்றுதான் எழுதும். அவர்களோ தங்களை 'மீட்புப் படை' என்பார்கள். அதை வாய்தவறிச் சொல்லிவிட்ட நிருபர் ஒருவர் இன்றுவரை வானிலை அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறார், பாவம். இப்போது மூன்று நாள் சண்டை நிறுத்தம். பேச உட்கார்ந்த பெரிய மனுஷர்கள், துப்பாக்கியை எப்போது இறக்குவது என்பதை ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டு, யாரை என்ன சொல்லி அழைப்பது என்பதற்குப் பதினோரு நாள் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் இரண்டு பக்கத்துக்கும் சமமாகப் பிடிக்காத ஒரு பெயர் கிடைத்தது: 'மறுதரப்பு ஆயுத அமைப்பினர்'. அதை முதன்முதலாக வாசிக்கப்போவது நம் சார்.

சாருடைய வீட்டில் இந்தப் பெயர்கள் எதுவும் நுழைந்ததில்லை. காரணம், அவர் மனைவியின் ஒரே தம்பி அந்தக் கூட்டத்தில் இருந்தான். கல்யாணமான புதிதில் அக்கா கூடவே வந்து ஒட்டிக்கொண்ட பயல். சைக்கிள் ஓட்டவும் முகம் மழிக்கவும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது சார்தான். அவன் போன பிறகு புருஷனும் பெண்டாட்டியும் பேசிவைத்துக்கொள்ளாமலே ஒரு பெயர் வந்து சேர்ந்தது.

"மச்சான் ஆளுங்க பாலத்தை உடைச்சுட்டாங்களாம்" என்பார் சார், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"பாலம் கிடக்கட்டும். ஆளுங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" என்பார் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர் என்பதால் அவர் எல்லோருக்கும் டீச்சர்.

தினமும் ஏழு மணிக்கு டீச்சர் டிவி முன்னால் உட்காருவார், சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு. புருஷன் முகத்தை மட்டும் பார்ப்பார். "நானா எழுதறேன்? எழுதிக் கொடுக்கறதைப் படிக்கிறவன்" என்று சார் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"படிங்க, வேண்டாங்கலை. அந்த வார்த்தை வரும்போது மட்டும் ஏன் அப்படி அழுத்திப் படிக்கிறீங்க? சத்தம் இல்லாமலே உதட்டுல தெரியுது."

அழுத்தாவிட்டால் ஆபீஸில் யாராவது மோப்பம் பிடித்துவிடுவார்களோ என்ற பயம்தான். மச்சான் விஷயத்தை அங்கே மூச்சுவிட்டதில்லை. அதை எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு டீச்சரிடம் சொல்வது?

முந்தாநாள் போன் வந்தது. ஆறு வருடத்தில் முதல் போன். "அக்கா, முகாம்ல ஒரு நாள் லீவு குடுக்கறாங்க. உன்னைப் பார்க்கணும். வெளியில எங்கயாவது வா. அந்த ஆள் இருக்கிற வீட்டுக்கு நான் வரமாட்டேன்."

அத்தான் அத்தான் என்று காலைச் சுற்றிய வாய் 'அந்த ஆள்' என்றது. பக்கத்தில் நின்ற சாருக்கு அது நன்றாகவே கேட்டது. டீச்சர் விடவில்லை. "நாளன்னைக்கு ஏழு மணிக்கு அவர் என்ன சொல்றார்னு மட்டும் கேளுடா. பழைய வார்த்தை வந்தா நீ வரவே வேண்டாம்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

ஆக, அன்று காலை சட்டையை இஸ்திரி போட்டபடியே டீச்சர் பாடம் நடத்தினார்.

"சொல்லுங்க."

"மறுதரப்பு ஆயுத அமைப்பினர்."

"இன்னும் பத்து தடவை."

"நான் என்ன உன் ஏழாம் கிளாஸ் பையனா?"

"அவன் ரெண்டாவது தடவையே திக்காம சொல்லிடுவான்."

சிரிப்பும் கேலியுமாகத்தான் போனது. வாசலில் காலரைச் சரிசெய்துவிடும்போது டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தப் பழைய வார்த்தை மட்டும் வந்துடக் கூடாதுங்க. என் தம்பி வீட்டுக்கு வரணும்" என்றார்.

ஏழு மணி. எதிரே திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. 'அரசுப் படையினரும்' என்பது வழுக்கிக்கொண்டு வந்தது. அடுத்து, ஆறு வருடப் பழக்கத்தில் அந்தப் பழைய வார்த்தை உதட்டுவரை வந்து நின்றுவிட்டது. சார் அதைக் கபக்கென்று விழுங்கினார். புதுப் பெயர் திரையில் கொட்டை எழுத்தில் இருக்கத்தான் செய்தது. கண் பார்த்தது, நாக்கு கேட்கவில்லை. பயந்த நாக்கு நேரே வீட்டுக்கு ஓடியது.

"அரசுப் படையினரும் மச்சான் ஆளுங்களும் இன்று நண்பகல் முதல் சண்டையை நிறுத்திக்கொண்டனர்."

கேமராக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். சார் அதே குரலில், அதே முகத்தோடு வெங்காய விலைக்குப் போய்விட்டார். தான் சொன்னது இன்னதென்று அவருக்கே விளங்கியது செய்தி முடிந்து எழுந்தபோதுதான். கதவருகில் செய்திப் பிரிவு மேடம் பேயறைந்த மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"யாருய்யா அந்த மச்சான்?"

வாய் குழறிவிட்டது என்று மழுப்பியிருக்கலாம். சார் மழுப்பவில்லை. "என் வீட்டுக்காரியோட தம்பி, மேடம். நான் வளர்த்த பிள்ளை." சொன்னதும் மனுஷருக்கு உடம்பே லேசான மாதிரி இருந்தது.

"ஆறு வருஷமா ஏன் சொல்லலை?"

"சொன்னா இந்த நாற்காலி போயிடுமேன்னு பயம்."

"இப்ப மட்டும் நிக்குமா? மேலேருந்து நாலு போன் வந்தாச்சு." மேடத்துக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "நாளையிலருந்து கேமரா பக்கமே வராதீங்க. கீழே டேப் ரூம்ல பழைய டேப்பை அடுக்குங்க. அவ்வளவுதான் என்னால முடிஞ்சது."

வீட்டில் டீச்சர் அன்று சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டிருந்தார். கதவைத் திறந்தவர், தெருவில் ஆள் போவதைக்கூடப் பார்க்காமல் புருஷனைக் கட்டிக்கொண்டார். "ஐயோ, ஊருக்கே சொல்லிட்டீங்களே!" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சாருக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலை மச்சான் வந்துவிட்டான். இளைத்து, தாடியும் அழுக்குப் பையுமாக வாசலில் நின்றான். "அத்தான்" என்றான். சார் பையை வாங்கிக்கொண்டார்.

"முகாம்ல நேத்துக்குன்னே ஒரு டிவி கொண்டாந்து வச்சு, நாப்பது பேரு பார்த்துக்கிட்டிருந்தோம். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம் கமாண்டர் சிரிக்க ஆரம்பிச்சார் பாருங்க! இப்ப எல்லாருக்கும் நான் மச்சான்தான். அறுபது வயசு சமையல்காரர் உட்பட."

பகல் முழுக்கச் சாப்பாடும் தூக்கமும் அக்காவின் திட்டும்தான். எவ்வளவு இளைத்திருக்கிறான் என்று டீச்சர் நாலு முறை அழுதார். நாலு முறையும் அவன் இன்னொரு தட்டு சாப்பிட்டான். மாலை ஏழு மணிக்கு மூவருமாக டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். சாருடைய நாற்காலியில் ஒரு புதுப் பையன். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. "வணக்கம்" என்றான்.

மச்சான் முகத்தைச் சுளித்தான். "இவன் வணக்கம் நல்லாவே இல்லை அத்தான்."

"முதல் நாள்தானேடா. போகப் போகச் சரியாயிடும்."

"அதுக்கில்லை. டிவி செய்தி ரேடியோவுலயும் வரும்ல? மலையில தினமும் ஏழு மணிக்குப் போடுவேன். நீங்க வணக்கம் சொல்ற வரைக்கும் கேட்பேன். சொன்னதும் டக்குனு நிறுத்திடுவேன்."

"எதுக்குடா?" என்றார் டீச்சர்.

"வணக்கம் வந்துட்டா அத்தான் நல்லா இருக்கார். அப்ப நீயும் நல்லா இருப்பே. அது போதும்னு தூங்கப் போயிடுவேன்." அவன் டிவியைப் பார்த்தபடியே சொன்னான். "நாளைக்குத் திரும்பிப் போனா, ஏழு மணிக்கு நான் எதைக் கேட்கிறது அத்தான்?"

நாற்காலி போனதற்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத ஏழு மணி சார், மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டு அப்போதுதான் அழுதார்.