மூன்றாம் ஓலை

எல்ஸி ஈப்போவில் பல வருடங்களாக இங்கிலீஷ் டியூஷன் எடுப்பவள். டிஸகிரீ என்ற சொல் வந்தால் பிள்ளைகளிடம் ஒன்றைத்தான் சொல்வாள்: எனக்கு வேறு எண்ணம் இருக்கிறது என்று பொருள், உன்னைத் தடுக்கிறேன் என்று பொருள் இல்லை. அக்காவோடு டிஸகிரீ பண்ணிவிட்டு அவளோடேயே உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிடலாம் என்பாள். அதே சொல்லை மகன் ஐவன் கோலாலம்பூரிலிருந்து போனில் சொன்னபோது டீச்சருக்குப் படித்ததெல்லாம் மறந்துபோனது.

புருஷன் இறந்து மூன்று வருடம் கழித்து அவள் பக்கத்து ஊரான லகாட்டில் இருக்கும் மத்தியாஸைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். அவரும் மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும் ஐவன், "ஐ டிஸகிரீ, மா. எனக்கு இது சீக்கிரமா படுது," என்றான். பிறகு வேலை இருக்கிறதென்று போனை வைத்துவிட்டான்.

எல்ஸி ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். அங்கே பிடிக்காததை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். பார்க்கலாம் என்பார்கள், கல்யாணத்தன்று பார்த்து வயிற்றுவலி வந்துவிடும். ஒருவர் நேருக்கு நேர் எதிர்த்துச் சொல்லிவிட்டால் உறவு அதோடு சரி. அவளுடைய சித்தப்பா அப்படி ஒரு வார்த்தை சொன்னவர்தான், சாகும்வரை இவர்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ரப்பர் தோட்டமெல்லாம் எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டமாகிவிட்டது, அவளுக்குள் அந்தப் பயம் மட்டும் போகவில்லை. ஒரே பிள்ளையை இழந்துவிட்டோம் என்றே நினைத்தாள். திரும்பக் கூப்பிட்டுக் கேட்கவும் துணிவு வரவில்லை.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசிப்பது வழக்கம். மூன்றாம் ஞாயிறு பூசையில் ஃபாதர் இருவர் பெயரையும் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று நிமிர்ந்தார். அந்த நேரம் பார்த்துப் பின்கதவைத் திறந்துகொண்டு ஐவன் வந்தான். தடை சொல்லத்தான் வருகிறான் என்று எல்ஸி நினைத்தாள். பின்னால் இருந்த பக்கத்து வீட்டுக் குமுதா கழுத்தை எக்கிப் பார்த்தாள், நல்ல காட்சியை யார்தான் விடுவார்கள்? நடுவழியில் விறுவிறுவென்று வந்தவன் மத்தியாஸ் பக்கத்தில் நின்றான்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க அங்கிள். ஹைவேல ஒரே ஜாம்."

ஃபாதர் அடுத்த அறிவிப்புக்குப் போனார். மீதிப் பூசை எல்ஸி காதில் விழவில்லை.

வெளியே காராண்டை வந்ததும் அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது. வரவே மாட்டாய் என்று நினைத்தேன், பிடிக்கவில்லை என்று நீதானே சொன்னாய் என்றாள். ஐவன் திகைத்துப்போனான்.

"இப்பவும் டிஸகிரீதான் மா. இன்னும் ஒரு வருஷம் போகட்டுமேன்னு தோணுது. அதுக்காக என் அம்மா கல்யாணத்துக்கு நான் வராம இருப்பேனா? நாந்தான் கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போவேன். சட்டைகூட வாங்கிட்டேன் லா."

அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. ஒருவன் முகத்துக்கு நேரே எதிர்த்தும் பேசலாம், முன்வரிசையில் வந்தும் உட்காரலாம். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை இந்த வயதில்தான் அவளே நம்பினாள்.

அவன் போனில் சட்டையைக் காட்டினான். கிளிப்பச்சை நிறம், மேலே மஞ்சள் பூக்கள். எல்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றாகப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து யாரிடமும் சொல்லாததை முதல்முறையாகச் சொன்னாள்.

"ஐ டிஸகிரீ."

"நான் போட்டுக்குவேன்."

"போட்டுக்கய்யா," என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.