தாழ்ப்பாளுக்கு இந்தப் பக்கம்

...அவனுக்கு முகம் இருந்தது, அதுதான் வித்தியாசம், படத்தில் வந்தவன் முகமூடி போட்டிருந்தான், வேல்சாமிக்கோ நெற்றியில் விபூதிகூட அழியவில்லை என்று நினைத்தபடி அழகுத்தாய் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பஸ் ராஜபாளையத்தைத் தாண்டிவிட்டது, இன்னும் செத்த நேரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு, கூண்டில் ஏறி, கூட வேலை பார்த்த சீனியம்மாளை வெட்டிக் கொன்றது இவன்தான் என்று கை நீட்ட வேண்டும். "பயப்படாதட்டி, பாத்ததச் சொல்லு, அம்புட்டுதான்" என்றான் பக்கத்தில் இருந்த அண்ணன் வைகுண்டராஜ். பார்த்ததை... சரி, கேட்டதை?

அந்தப் படத்தை ஏன்தான் பார்த்தார்களோ, போன வருசம், தொண்ணூறில், மில் லீவு விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டுச் சொந்தக்காரர் வாடகைக்கு வீடியோ டெக் எடுத்திருந்தார், நூல் சுற்றும் கோன் செக்‌ஷன் பெண்கள் எல்லாரும் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இங்கிலீஷ் படம், பேச்சு புரியவில்லை, கத்தி புரிந்தது. ஒவ்வொருத்தியாகச் செத்தார்கள், ஒருத்தி மட்டும் ஒளிந்து, ஓடி, விழுந்து, எழுந்து, கடைசியில் தனியாக நின்றாள். "பாத்தியாட்டி, பயலோட சுத்துனவ பூராம் செத்தா, ஒருத்தனையும் ஏறிட்டுப் பாக்காதவ பொழச்சா, அப்ப நான் மொதல்ல போயிருவேன், நீ நிப்ப" என்று சீனியம்மாள் சிரித்தாள். மில் ஃபிட்டர் ஒருவனைத்தான் கட்டுவேன் என்று முறைமாமன் வேல்சாமியின் முகத்துக்கு நேராகச் சொன்னவள் அவள். அடுத்த மாதம், பட்டப்பகலில், அவளும் அழகுத்தாயும் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு அவன் அரிவாளோடு வந்தான். இப்போது ஊரும் அதையேதான் சொல்கிறது, அவ அப்படி, அழகுத்தாய் தங்கம், அதான் சாமி காப்பாத்துச்சு... தங்கமா? டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் ஒருத்தன் எழுதிய நாலு கடிதம் கிடப்பது சாமிக்குத் தெரியாதா? உள்ளறைக்குப் பக்கத்தில் நின்றதால் பிழைத்தாள், வேறென்ன, அரிவாளைக் கண்டதும் உள்ளே பாய்ந்து தாழ்ப்பாள் போட்டு, முதுகால் கதவை அடைத்துக்கொண்டாள்... பிறகு கதவு இடிபட்டது. வேல்சாமிதான் இடிக்கிறான் என்று நினைத்தாள். அப்படியா நினைத்தாள்? வளையல் சத்தம் கேட்டதே. "அழகு, கதவத் தொறட்டி" என்று சீனியம்மாள் குரல் கேட்டதே. போலீசில், மயக்கம் போட்டுவிட்டேன், ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருந்தாள், அவர்களும் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

மடவார்விளாகம் போனது, கோபுரம் தெரிந்தது, இறங்கியதும் நடந்ததும் நினைவில்லை. கோர்ட்டு வராந்தாவில் இரண்டு போலீசுக்கு நடுவே வேல்சாமி மெலிந்துபோய்த் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவனைக் கண்டால் திரும்பி ஓடிவிடுவோம் என்று ஒரு வருசமாகப் பயந்திருந்தாளே, ஓடத் தோன்றவில்லை... தோன்றியது, தேவதானத்திலிருந்து வந்திருந்த பிச்சையம்மாள், சீனியம்மாளைப் பெற்றவள், எழுந்து வந்து கையைப் பிடித்தபோது. "நீயாச்சும் பொழச்சியே தாயி" என்றவள் குரலைத் தாழ்த்தி, "போகும்போது எம்புள்ள என்னயத் தேடுனாளா?" என்றாள். இவ்வளவு நாளும் இதை ஒருத்தரும் கேட்கவில்லையே, வக்கீல்கூட, சொல்லிவிடலாமா, இப்போதே, இந்தக் கையைப் பிடித்தபடியே... "ஆமா அத்த, ஒங்களத்தான் கூப்பிட்டா" என்றாள். பிச்சையம்மாள் அவள் கன்னத்தைத் தடவி, அந்த விரல்களைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கோர்ட்டு டவாலிச் சேவகன் அவள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டான். வேல்சாமியைப் பற்றிச் சொல்லப்போவதெல்லாம் உண்மை, எல்லாரும் நம்புவார்கள், அதற்குப் பிறகு அவள் திறக்காத அந்தக் கதவைப் பற்றி அவளிடம் கேட்க உலகத்தில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்... கூண்டின் முதல் படியில் கால் வைத்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது, அடுத்த படிக்குக் கால் எழும்பவில்லை.